ரோஸ்ஹில் சி.வி. கடை: கேள்விகளுக்குக் கொடுத்த காசு

நிதித்துறை வேலைக்கு சி.வி. எழுதித் தருகிறோம் என்று பலகை மாட்டிய கடை ஒன்று மொரீஷியஸின் ரோஸ்ஹில் நகரில் இருக்கிறது. அராப் டவுன் கடைவீதியிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு மருந்துக்கடையின் மாடியில். என் நாத்தனார் மகளை அங்கே அழைத்துப் போனேன். கட்டணம் 3,500 மொரீஷியஸ் ரூபாய். அதில் 3,000 ரூபாய் அங்கிருந்த அம்மாள் கேட்ட கேள்விகளுக்குத் தகும். அச்சிட்டுக் கொடுத்த தாளுக்கு மீதி 500 என்று வைத்தால், அதுவே தாராளம். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தாயும் மகனுமாக நடத்தும் சிறு தொழில். நான் சொல்லப் போகும் குறைகளோ நிறைய.

நான் கும்பகோணத்துக்காரி. திருமணமாகி மொரீஷியஸ் வந்து, அலுவலகங்கள் நிறைந்த எபெனில் ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனியில், விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளியூர்த் தமிழர்களுக்கு இந்தத் தொழில் புதிதாக இருக்கலாம். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இங்கே பதிவு செய்யும் நிறுவனங்களுக்கும் நிதியங்களுக்கும் கணக்கு எழுதுவது, இயக்குநர் கூட்டத்துக்குக் குறிப்பு தயாரிப்பது, பணம் யாருடையது என்று விசாரித்துக் கோப்பு வைப்பது, இவைதான் வேலை. இந்தியாவுடனான இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தம் 1983இல் நடைமுறைக்கு வந்தது. அதைச் சுற்றி வளர்ந்த தொழில் இது. 2016இல் அந்த ஒப்பந்தத்தைத் திருத்தி, பங்கு விற்பனை லாபத்துக்கு இருந்த பெரிய சலுகையை எடுத்துவிட்டார்கள். தொழில் படுத்துவிடும் என்று பலர் ஆரூடம் சொன்னார்கள், படுக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஆள் எடுக்கும்போது வந்து குவியும் சி.வி.க்களின் முதல் வடிகட்டல் என் மேசையில்தான் நடக்கும்.

அப்படியானால் நீயே எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று என் கணவர் கேட்டார். கொடுத்திருக்கலாம். ஆனால் துறைக்குள்ளேயே ஊறியவளுக்குச் சில கேள்விகள் வாயில் வராது. இதெல்லாம் எல்லோரும் செய்வதுதானே என்று தாண்டிப் போய்விடுவேன். தவிர, மாமி சொன்னால் அது அறிவுரை. காசு வாங்கிக்கொண்டு வேறொருவர் சொன்னால் அது ஆலோசனை.

பெண் ரெதுயியில் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தவள். சிறிய நிறுவனம் ஒன்றில் நிதியங்களுக்குக் கணக்கு எழுதுகிறாள். கணக்காளர்களுக்கான பன்னாட்டுத் தகுதியான ஏசிசிஏ தேர்வில் மொத்தம் 13 தாள். அதில் ஒன்பதை முடித்துவிட்டாள். வேறு இடத்துக்கு மாற விரும்பினாள். அவள் கையிலிருந்த பழைய சி.வி.யில் வேலை அனுபவம் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: நிதியறிக்கை தயாரித்தல். என் மேசைக்கு வரும் தாள்களில் பாதிக்கு மேல் இந்த வரியோடுதான் வருகின்றன. பொய்யில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடவும் முடியாது, தள்ளவும் முடியாது.

கடையில் முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதை நிரப்பிக் கொடுத்ததும் மகன் கணினியில் வைத்துக்கொண்டான். பிறகு அம்மாள் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நிதித்துறை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அதை மறைக்கவும் இல்லை. ‘நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியும்படி சொல், மகளே’ என்று கிரியோலில் ஆரம்பித்தார். இந்த ஒரு மணிநேரத்துக்காகத்தான் அந்தக் கடைக்குப் போகச் சொல்கிறேன்.

எத்தனை கம்பெனிகளின் கணக்கு உன் கையில் இருக்கிறது என்று கேட்டார். பெண் விரல்விட்டு எண்ணி, இருபத்திரண்டு என்றாள். அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. நீ எழுதியதை யார் சரிபார்ப்பார்? மேலாளர். உன்னைவிடச் சின்னவர் எழுதியதை நீ சரிபார்ப்பதுண்டா? புதிதாகச் சேர்ந்த இருவருடைய வங்கிக் கணக்கு ஒப்பீடுகளை ஆறு மாதமாக அவள்தான் பார்த்துக் கையெழுத்திடுகிறாள். அதை ஏன் எழுதவில்லை என்று அம்மாள் கேட்டபோது, ‘அது என் பதவியில் இல்லையே’ என்றாள் பெண். தயாரிப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்பது எங்கள் தொழிலின் முதுகெலும்பு. தயாரிப்பவளாக இருந்த பெண் சரிபார்ப்பவளாக மாறத் தொடங்கிவிட்டாள் என்பது எனக்கு அவளுடைய பட்டத்தைவிடப் பெரிய செய்தி. அதைத்தான் அவள் விட்டிருந்தாள்.

இன்னொரு கேள்வி இன்னும் நன்றாக இருந்தது. ‘இந்த வேலைக்குக் கெடு ஏதாவது உண்டா? தப்பினால் என்ன ஆகும்?’ உண்டு. வெளிநாட்டுத் தொழிலுக்கான குளோபல் பிசினஸ் உரிமம் பெற்ற நிறுவனம் தணிக்கை முடித்த நிதியறிக்கையைக் கணக்காண்டு முடிந்த 6 மாதத்துக்குள் நிதிச் சேவைகள் ஆணையத்திடம் கொடுத்தாக வேண்டும். தணிக்கையாளர் கேள்வி கேட்பார், இந்தியாவிலிருந்தோ துபாயிலிருந்தோ வாடிக்கையாளர் தாள் அனுப்பத் தாமதிப்பார், இயக்குநர் விமானத்தில் இருப்பார். இத்தனையையும் மீறி அவள் கையிலிருந்த நிறுவனங்களில் ஒன்றுகூட அந்த ஆண்டு கெடு தப்பவில்லை. வாடிக்கையாளரை எப்போது எதற்கு நினைவூட்ட வேண்டும் என்று அவளே எக்செலில் ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தாள். பிறகு அலுவலகம் முழுவதும் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதாம். எங்களிடம்கூடச் சொல்லவில்லை. கெடு என்ன சட்டத்தில் வருகிறது என்பது அம்மாளுக்குத் தெரியாது. ஹோட்டலில் விருந்தினர் வருவதற்குள் அறை தயாராக வேண்டும் என்ற பழக்கத்தில் கேட்டிருக்கிறார். கேள்வி சரியான இடத்தில் போய் விழுந்தது.

நான்கு நாள் கழித்து வரைவு மின்னஞ்சலில் வந்தது. படித்ததும் எனக்குத் தலையைச் சுற்றியது.

முதல் பக்கம் இரண்டு பத்தி நெடுக்காகப் பிரிந்திருந்தது. இடது பக்கம் நீல நிறம், வட்டத்துக்குள் புகைப்படம், அதன் கீழே திறமைகள் என்று பட்டைகள்: எக்செல் முக்கால் பட்டை, பிரெஞ்சு முழுப் பட்டை, நேர்மை ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். மீதி அரை நட்சத்திரத்தை எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்டு வீட்டில் சிரித்தோம். பெரிய நிறுவனங்கள் சி.வி.யை முதலில் மென்பொருளில் போட்டுப் படிக்கின்றன. இரண்டு நெடும்பத்தி இருந்தால் சில மென்பொருள்கள் வரிகளை மாற்றிக் கோத்துவிடும். பட்டையும் நட்சத்திரமும் அவற்றின் கண்ணில் படவே படாது. மனிதர் படித்தாலும் முக்கால் பட்டை எக்செல் என்பதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது? பிவட் டேபிள் போடுவாளா, இரண்டு பட்டியலை ஒப்பிட்டு விடுபட்டதைக் கண்டுபிடிப்பாளா என்று எழுதினால் தெரியும்.

இதெல்லாம் அலங்காரக் குறை, பொறுத்துக்கொள்ளலாம். அடுத்தவை வேலைக்கே உலை வைப்பவை.

அவள் கணக்கெழுதும் இரண்டு நிதியங்களின் பெயரை முழுதாக அச்சிட்டிருந்தார்கள். பெரிய பெயர் இருந்தால் கவர்ச்சியாக இருக்கும் என்று மகன் நினைத்திருக்கிறான். எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் பெயர் வெளியே போகக் கூடாது. வேலை ஒப்பந்தத்திலேயே அதற்கென்று பிரிவு இருக்கும். இன்றைய முதலாளியின் வாடிக்கையாளரை என்னிடம் சொல்பவள் நாளை என் வாடிக்கையாளரைப் பக்கத்துக் கட்டடத்தில் சொல்வாள். அத்தகைய தாளை நான் அதற்கு மேல் படிப்பதில்லை. இந்தியப் பங்குகளில் முதலீடு செய்யும் நிதியம், ஆப்பிரிக்க உள்கட்டமைப்பு நிதியம் என்று வகையை மட்டும் சொன்னால் போதும். பணச்சலவைத் தடுப்பு வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. எந்த வாடிக்கையாளரின் பணத்தைப் பற்றி அதிகாரிகளுக்குச் சந்தேக அறிக்கை போனது என்ற சுவடுகூடத் தாளில் இருக்கக் கூடாது. அதை வெளியே கசியவிடுவது 2002ஆம் ஆண்டுப் பணச்சலவைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

பெயருக்குப் பின்னால் ஏசிசிஏ என்று போட்டிருந்தார்கள். அந்த எழுத்துகள் உறுப்பினருக்கு மட்டும் உரியவை. 13 தாளையும் தேறி, நெறிமுறைப் பாடத்தை முடித்து, 36 மாத அனுபவத்தையும் காட்டிய பிறகுதான் உறுப்பினராகலாம். ஒன்பது தாள் முடித்தவள் ஒன்பது தாள் முடித்தவள் என்றே எழுத வேண்டும். எந்தத் தாள்கள், அடுத்தது எப்போது என்பதையும் சேர்த்தால் நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இந்தத் தீவில் பாதி இளைஞர்கள் அந்தப் படிக்கட்டில்தான் நிற்கிறார்கள். உறுப்பினரா என்று இணையத்தில் பார்த்துவிட முடியும், நான் பார்ப்பேன்.

மூன்றாவது, பல மில்லியன் டாலர் முதலீட்டை நிர்வகித்தாள் என்ற வாக்கியம். நிர்வகிப்பவர் வேறு, நிதியத்தின் நிகர சொத்து மதிப்பை, அதாவது கடன் போக மிஞ்சும் மதிப்பைக் கணக்கிடுபவர் வேறு. நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே இது உடைந்துவிடும்.

நான்காவது குறையைத் துறைக்குள் இருப்பவர்கள் மட்டுமே பிடிப்பார்கள். ஜிபிசி 1, ஜிபிசி 2 நிறுவனங்களைக் கையாண்டவள் என்று ஒரு வரி. பழைய சி.வி. ஒன்றிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் போலும். 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த இரு வகை குளோபல் பிசினஸ் உரிமங்களையும் எடுத்துவிட்டது. பழைய உரிமக்காரர்களுக்குக் கொடுத்த அவகாசமும் 2021 ஜூன் 30உடன் முடிந்தது. அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள் இதை எழுதினால், ஒன்று பார்த்து எழுதியிருக்கிறாள், அல்லது தான் கையாளும் நிறுவனத்தின் உரிமம் என்ன என்றே தெரியாமல் இருக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கட்டணத்தில் இரண்டு முறை திருத்தம் அடக்கம். குறைகளை எழுதி அனுப்பினேன். அம்மாள் தொலைபேசியில் அழைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வாடிக்கையாளர் பெயர் விஷயத்தில் உண்மையாகவே பதறினார்; வேறு யாருக்கெல்லாம் இப்படி எழுதிக் கொடுத்தோம் என்று மகனிடம் கேட்டது எனக்கும் கேட்டது. மகன் பட்டைகளை விட மனமில்லாமல் முரண்டு பிடித்தான். இறுதியில் வெள்ளைத்தாள், ஒற்றை நெடும்பத்தி, ஒன்றரைப் பக்கம், படம் இல்லை, அடையாள அட்டை எண் இல்லை. இங்கே பலர் அடையாள எண்ணையும் திருமண நிலையையும் பழக்கதோஷத்தில் எழுதிவிடுகிறார்கள். வேலை உறுதியானால் நன்னடத்தைச் சான்றிதழ் முதல் எல்லாத் தாளையும் கேட்கத்தான் போகிறார்கள். முன்பின் தெரியாத இருபது மின்னஞ்சல் பெட்டிகளுக்கு அதை ஏன் அனுப்ப வேண்டும்?

கம்ப்ளையன்ஸ் பற்றிய வரியை மட்டும் நானே எழுதினேன். பணச்சலவைத் தடுப்பைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப்., தடுப்பில் குறையுள்ள நாடுகளுக்கென்று வைத்திருக்கும் சாம்பல் பட்டியலில் மொரீஷியஸ் 2020 பிப்ரவரியில் விழுந்து, 2021 அக்டோபரில் வெளியே வந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கோப்பையும் திரும்பத் திறந்து, உண்மையான உரிமையாளர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று தோண்டினோம். இப்போது கணக்கெழுதும் பிரிவுக்கு ஆள் எடுத்தாலும், வழக்கத்துக்கு மாறான பணப் பரிமாற்றத்தைக் கண்டால் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பாரா என்று பார்க்கிறோம். வாடிக்கையாளர் கோப்புகளை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்யும் வேலையில் பெண்ணுக்கும் பங்கு இருந்தது. கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் யார் என்று விசாரித்தல்) தெரியும் என்று பொதுவாகப் போட்டிருந்ததை எடுத்துவிட்டு, எத்தனை கோப்பு, எந்த மாதிரி நிறுவனங்கள், அவள் பார்த்தது எதுவரை என்று எழுதினோம்.

மொழிகள் வரிசையில் ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோலுக்குப் பிறகு தமிழை விட்டிருந்தார்கள். பள்ளியில் படித்தது, வீட்டில் என்னோடு பேசுவது. நம் ரூபாய் நோட்டிலேயே இருக்கும் எழுத்து, சேர்க்கச் சொன்னேன். சென்னையிலிருந்து வரும் வாடிக்கையாளர் அழைப்புகள் எபெனில் அரிதல்ல.

சி.வி.யோடு கொடுத்த விண்ணப்பக் கடிதம் எதற்கும் உதவாது. எந்த நிறுவனத்துக்கும் பொருந்துவதுபோல் எழுதப்பட்டது, அதனால் எதற்கும் பொருந்தவில்லை. லிங்க்ட்இன் பக்கம் அமைத்துத் தர இன்னும் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். வேண்டாம்.

புதிய தாளைப் பார்த்து இரண்டு நிறுவனங்கள் அழைத்தன. ஒன்றில் நேர்காணல் முடிந்திருக்கிறது. அந்த எக்செல் அட்டவணையைப் பற்றியே கால்மணிநேரம் கேட்டார்களாம். முடிவு இன்னும் வரவில்லை.

நிதித்துறையில் ஓரிரண்டு ஆண்டு வேலை பார்த்து, தான் என்ன செய்கிறோம் என்று சொல்லத் தெரியாமல் தவிப்பவர்களுக்கு இந்தக் கடை நல்லது. தணிக்கை நிறுவனத்தில் மேலாளர் நிலைக்கு வந்தவர்கள் போக வேண்டாம்; அம்மாளுக்கு அந்த ஆழம் எட்டாது. வரைவு வந்ததும் துறையில் இருக்கும் ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள். வாடிக்கையாளர் பெயர் எதையும் படிவத்தில் எழுதாதீர்கள். எழுதினால் அது தாளில் வந்து நிற்கும். சனிக்கிழமை காலையில் போனால் அம்மாள் இருப்பார், மற்ற நாள்களில் மகன் மட்டும்தான். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மெட்ரோவில் ரோஸ்ஹில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பணத்தை ஜூஸ் என்ற வங்கிச் செயலியில் வாங்கிக்கொள்கிறார்கள், ரசீது கேட்டால்தான் தருவார்கள்.