லாசன் – பேட்டர்சன் எசப்பாட்டு: ஓர் ஒலிநூல், மூன்று நட்சத்திரம்

1892-இல் சிட்னியின் 'புல்லட்டின்' வார இதழில் ஹென்றி லாசனும் பாஞ்சோ பேட்டர்சனும் ஆஸ்திரேலிய நாட்டுப்புறத்தை வைத்துப் பாட்டிலேயே முட்டிக்கொண்டார்கள். அந்தக் கவிதைகளை இரண்டு பேர் குரலில் ஒலிநூலாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். கவிஞர்கள் சண்டை என்றால் விடுவேனா, வாங்கிவிட்டேன்.

கவிதைகளை அடுக்கிய விதம்தான் கொடுமை. லாசன் மொத்தமும் முன்னால், பேட்டர்சன் மொத்தமும் பின்னால். எசப்பாட்டை இப்படியா கேட்பது? ஜூலை 9 இதழில் லாசன் தொடங்குகிறார்: நாட்டுப்புறத்துக்கு ஏன்டா போனோம் என்று ஆகிவிட்டது, எங்கும் காய்ந்த பொட்டல், ஆண்களைப் போல உழைத்துத் தனியே வாடும் பெண்கள், இனி நகரத்திலேயே பீர் குடித்துக்கொண்டு, குளித்துக்கொண்டு இருந்துவிடுகிறேன். 23-ஆம் தேதி இதழில் பேட்டர்சன் அதே சந்தத்தைப் பிடித்து, "திரும்பிவிட்டீரா, மிஸ்டர் லாசன்?" என்று வம்புக்கு இழுக்கிறார். நீர் போனது வறட்சியில், மழை பெய்த பிறகு போய்ப் பாரும். அந்த மண் உமக்கு ஒத்துவராது, நீரும் அதற்கு ஒத்துவரமாட்டீர். ஆகஸ்ட் 6-இல் லாசன் திருப்பிக் கொடுக்கிறார். தேதி வாரியாக நானே வரிசையை மாற்றிக் கேட்ட பிறகுதான் சூடு பிடித்தது. இடையில் புகுந்த எட்வர்ட் டைசனின் கவிதையை ஏனோ சேர்க்கவில்லை.

பேட்டர்சனுக்குக் குரல் கொடுத்தவர் பிரமாதம், சந்தம் குதிரையாகப் பாய்கிறது. லாசனைப் படித்தவரோ ஒரே ஒப்பாரி. லாசனின் சோகம் நக்கலோடு வருவது. அந்த பீர் வரியைக்கூட அழுதுகொண்டே படித்தால் எப்படி? இத்தனைக்கும், இந்த மோதல் யோசனையே லாசனுடையது, இதழில் கவிதை பிடிக்கும் இடத்தைக் கணக்கிட்டுத்தான் எங்களுக்குக் காசு என்று பின்னாளில் பேட்டர்சனே எழுதியிருக்கிறார்.

என் கட்சி லாசன்தான். பேட்டர்சன் நாட்டுப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர், சரி. ஆனால் இதை எழுதியபோது சிட்னியில் வக்கீல். லாசன் அதே ஆண்டு இதழாசிரியர் ஆர்ச்சிபால்ட் கொடுத்த 5 பவுண்டோடும் ரயில் சீட்டோடும் உள்நாட்டு ஊரான பர்க் போய், அங்கிருந்து குயின்ஸ்லாந்து எல்லையில் உள்ள ஹங்கர்ஃபோர்டு வரை வறட்சிக்குள் நடந்தார். ஆனாலும் காதுக்கு ஜெயிப்பது பேட்டர்சன்.

வரிசையை மாற்ற முடியாத செயலியில் மட்டும் வாங்காதீர்கள்.