மருதானையில் 2,800 ரூபாய்க்கு வாங்கிய நோர்வே

மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் சுவரில் மாட்டும் இந்தத் தேசப்படத்தை வாங்கி இரண்டு மாதமாகிறது. துணி ஒட்டிய பழைய சாமான். கடைக்காரர் சுருளின் மேல் 'சுவீடன்' என்று எழுதி வைத்திருந்தார். விரித்தால் நோர்வே.

"நாடு பிழையாப் போட்டிருக்கு நானா."

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதானே அண்ணன்."

1814 இலிருந்து 1905 வரை என்றால் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்திருக்கும். அப்போது இரண்டுக்கும் சுவீடன் ராஜாதான். 4,000 கேட்டார், 2,800க்கு முடித்தோம்.

நான் வெள்ளவத்தையில் தையற்கடை வைத்திருப்பவன். தம்பி 1988 இல் நோர்வேயின் வடக்கே உள்ள ஹமர்பெஸ்ட்டுக்கு, மீன் தொழிற்சாலை வேலைக்குப் போனவன். முப்பது வருசத்துக்கு மேலாக "வடக்கில இருக்கிறன் அண்ணை" என்பான். எனக்கு வடக்கென்றால் பருத்தித்துறையோடு முடிந்தது. போனில் தேடிப் பார்த்தும் பிடிபடவில்லை. துருவப் பக்கம் போகப் போகப் போன் படம் நாட்டைப் பனியன் துணி மாதிரி இழுத்துவிடும்; 65 பாகை அகலாங்கில் நீளம் இரண்டே கால் மடங்குக்கு மேல் போய்விடுகிறது. இந்தப் படம் அப்படி இழுபடாதது. அளவுத்திட்டம் 20 இலட்சத்தில் ஒன்று, அதாவது ஒரு சென்றிமீற்றருக்கு 20 கிலோமீற்றர்.

கழுத்தில் கிடந்த அளவுநாடாவை எடுத்துத் நாட்டின் தென்முனையான லின்டெஸ்னெஸில் ஒரு நுனியை வைத்து அதன் வடமுனைவரை பிடித்தேன். 86 சென்றிமீற்றர், 1,700 கிலோமீற்றருக்கு மேல். பிறகு பற்றன் வெட்டுகிற பிறவுண் தாளில் அதே கணக்குக்கு இலங்கையை வெட்டினேன். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை 22 சென்றிமீற்றர்கூட வரவில்லை. நாலு இலங்கையைத் தலைமாட்டோடு கால்மாட்டாக வைத்துக் குண்டூசி குத்தினால்தான் தம்பியிடம் போய்ச் சேரலாம். அவ்வளவு நீளத்துக்கும் ஆட்கள் ஏறக்குறைய 55 இலட்சம் பேர், எங்களில் கால்வாசி. உயரத்தில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை: அவர்களின் கல்ட்ஹோப்பிகன் 2,469 மீற்றர், எங்கள் பீதுருதாலகாலை 2,524. இதைச் சொன்னதும் தம்பி போனில் கொஞ்சநேரம் பேசவில்லை.

அச்சிட்ட ஆண்டு கிழிந்த ஓரத்தோடு போய்விட்டது. ஒஸ்லோ என்று இருப்பதால் 1925க்கு முந்தியதல்ல. அதற்கு முதல் அந்த நகரத்துக்குக் கிறிஸ்தியானியா என்று பெயர், டென்மார்க் ராஜா 1624 இல் வைத்தது. 1969 இல் எக்கோபிஸ்க் என்ற இடத்தில் எண்ணெய் அகப்பட்ட வடகடல் இதில் வெறும் நீலம்.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய மடிப்பு சரியாகச் சொக்னே நுழைகழியின் மேல் விழுந்திருக்கிறது. கொழும்பிலிருந்து அனுராதபுரம் போகிற தூரத்துக்குக் கடல் நாட்டுக்குள் நுழைகிற இடம், 205 கிலோமீற்றர். அதை மடிப்பு தின்றுவிட்டது. மூலையில் ஸ்வால்பார்ட் தீவுகளைத் தனியாகக் காட்டிய பெட்டியை யாரோ கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். வெட்டு நேராக இல்லை, கத்தரி பிடிக்கத் தெரியாத கை.

லொபோடன் தீவுகள் மட்டும் புதுசுபோல இருக்கின்றன. அங்கே மீனுக்கு உப்புப் போடுவதில்லை. பெப்ரவரி முதல் மே வரை மரச்சட்டங்களில் தொங்கவிட்டால் குளிர்காற்றே காய்ச்சிவிடும். அந்தக் கருவாட்டை வைத்துத்தான் ஜேர்மன் வியாபாரிகள் பேர்கனில் நூற்றாண்டுக் கணக்கில் பிழைத்தார்கள். தம்பி ஒருமுறை கொண்டுவந்தான். ஒரு கிழமை தண்ணீரில் ஊறப்போடச் சொன்னான். மனைவி இரண்டு நாளில் குழம்பு வைத்துவிட்டாள். விறகு.

ஹமர்பெஸ்ட்டில் ஒரு பழைய வீடுகூட இல்லை என்று அவன் சொல்லும்போதெல்லாம், வசதி வந்ததும் இடித்துக் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். படத்தின்முன் நின்று கேட்டபோதுதான் விபரமாகச் சொன்னான். 1944 இல் பின்வாங்கத் தொடங்கிய ஜேர்மன் படை, சனத்தை வெளியேற்றிவிட்டுப் பின்மார்க் மாகாணத்தை எரித்தபடியே போனது. அந்த ஊரில் மிஞ்சியது மயானத்துச் சிறு தேவாலயம் மட்டும். யாழ்ப்பாணத்துக்காரனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

லமினேற் செய்யக் கொடுத்து நானே கெடுத்துக்கொண்டேன். ட்ரொண்ட்ஹெய்ம் பக்கம் முழுக்கக் காற்றுக் குமிழி. நீங்கள் அப்படியே ஆணியில் மாட்டுங்கள்.

அதே கடையில் இன்னொரு சுருளும் கிடந்தது. மேலே 'நோர்வே' என்று எழுதியிருந்தார். விரித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.