ஐந்தாண்டுப் பயன்பாடு: மேசையில் மிதவை விமானம், கொல்லையில் கூகைப் பெட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கொல்லை வேலியைத் தாண்டினால் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டம். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லோரும் வீட்டோடு இருந்த காலத்தில் எனக்கு இரண்டு பொருள்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரும் அதற்கான கைப்பிடியும் கால் மிதிகளும். இன்னொன்று, தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒருவரிடம் அளவு கேட்டு நானே அறுத்து ஆணியடித்த கூகைப் பெட்டி, கூகை என்னும் ஆந்தை கூடு வைப்பதற்கானது. மேசைக்கு எதிரே இருக்கும் ஜன்னலிலிருந்து பெட்டி நேராகத் தெரியும் என்பதால் ஐந்து ஆண்டுகளாக இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துதான் பயன்படுத்துகிறேன். அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

சிமுலேட்டரில் நான் ஓட்டுவது, சக்கரத்துக்குப் பதில் மிதவைகளோடு நீரிலேயே எழுந்து இறங்கும் மிதவை விமானங்களை மட்டும். ஓடுபாதை எங்கே போனாலும் ஓடுபாதைதான், ஏரி அப்படியில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, அலை எவ்வளவு, கரை எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு முறையும் நீரைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். மிதவை விமானத்துக்கு நீரில் பிரேக் கிடையாது. எஞ்சின் ஓடினால் அது நகர்ந்துகொண்டே இருக்கும். புறப்படும்போது நீர்ச் சுக்கானை மேலே தூக்கிவிட்டு, கைப்பிடியை முழுவதும் பின்னால் இழுத்து, விசையைக் கூட்டினால் மூக்கு எழும்பும்; பிறகு மிதவைகள் நீரைக் கிழிப்பதை விட்டு அதன் மேல் வழுக்கத் தொடங்கும். அந்த நிலையில் மூக்கைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் தூக்கினாலும் விமானம் மீன் துள்ளுவதுபோல் தாவ ஆரம்பித்துவிடும். இதைப் பழக எனக்கு நான்கு மாதம் ஆனது. கால் மிதி இல்லாமல் இதைப் பழகவே முடியாது. செலவு பார்த்து அதை விட்டுவிடாதீர்கள்.

தொடங்குகிறவர்களுக்கு எங்கள் பேராக்கின் தெமங்கோர் ஏரி நல்ல இடம். காட்டு மலைகளுக்கு நடுவே கிளை கிளையாகப் பிரிந்து நீளும் நீர். கடல் மட்டத்திலிருந்து 250 மீட்டருக்குள்தான் உயரம் என்பதால் எஞ்சினுக்குச் சிரமமில்லை. அடுத்து கேமரன் மலையிலுள்ள ரிங்லெட் ஏரிக்குப் போனேன். 1963இல் செயல்படத் தொடங்கிய சுல்தான் அபு பக்கார் அணை தேக்கிய நீர் அது. உயரம் சுமார் 1,070 மீட்டர். அங்கே காற்று மெலிவு. வெயில் ஏற ஏற இன்னும் மெலியும். இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினும் மூச்சு வாங்கும், நீரை விட்டு எழ வேண்டிய தூரம் நீண்டுகொண்டே போகும். ஏரியோ சின்னது, சுற்றிலும் மலை. அங்கே கிடைத்த இந்தப் பாடம்தான் பிறகு 1,897 மீட்டர் உயரத்திலுள்ள அமெரிக்காவின் தாஹோ ஏரிக்குப் போனபோது கைகொடுத்தது. ரிங்லெட்டில் ஒரே ஒரு குறை. திரையில் நீர் நீலமாக மின்னுகிறது. நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், மலைச்சரிவுக் காய்கறித் தோட்டங்களின் மண் வந்து படிந்து பழுப்பாகக் கிடக்கும் ஏரி அது. அந்தச் சேறு இல்லாத ரிங்லெட்டில் இறங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போது அங்கே போவதில்லை.

இவ்வளவுக்கும் மேலே, நான் திரும்பத் திரும்பப் பயில்வது கண்ணாடி நீரில் இறங்குவதைத்தான். காற்றே இல்லாத காலையில் ஏரி அசையாமல் கிடக்கும். மலையும் மேகமும் நீருக்குள் தலைகீழாக நிற்கும். மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் புலப்படாது. ஐம்பது அடி இருக்கிறது என்று நினைக்கும்போது ஐந்து அடிதான் இருக்கும், அல்லது ஐந்து அடி என்று நம்பி ஐம்பது அடியில் விசையைக் குறைத்துவிடுவோம். இரண்டுமே விபத்து. அதற்கு விமானிகள் கைக்கொள்ளும் முறை, கரையை ஒட்டி வருவது, மூக்கைச் சற்றே தூக்கிய நிலையில் நிறுத்துவது, நிமிடத்துக்கு 150 அடி மட்டும் இறங்கும்படி விசையை வைத்துவிட்டு நீர் வந்து மிதவையைத் தொடும்வரை எதையும் மாற்றாமல் காத்திருப்பது. அந்தக் காத்திருப்பு இருபது நொடிகூட இருக்காது. இன்றும் என் கை வியர்த்துவிடும்.

2023இல் மகள் வேலை செய்யும் வான்கூவருக்குப் போயிருந்தபோது, அவள் டிக்கெட் வாங்கிக் கொடுத்து, துறைமுகத்திலிருந்து விக்டோரியாவுக்கு உண்மையான மிதவை விமானத்தில் பறந்தோம். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். எழுவதும் இறங்குவதும் சிமுலேட்டரில் கண்டது போலவே இருந்தன. ஆனால் மிதவையின் அடியில் அலை அறையும் அதிர்வு முதுகெலும்பு வரை ஏறும் என்பதை எந்தக் கைப்பிடியும் எனக்குச் சொல்லவில்லை.

கருவிகளின் உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் கைப்பிடி பதினெட்டாம் மாதத்தில் தானாக இடப்பக்கம் சாயத் தொடங்கியது. உள்ளே உராய்ந்து தேயும் பாகம் இருந்ததே காரணம். இரண்டாவதாக, காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் உள்ளதை வாங்கினேன். மூன்று ஆண்டு தாண்டியும் பழுதில்லை. மாலை இடிமழைக்கு முன்னால் மின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். ஒரு முறை மறந்ததில் மோடம் போயிற்று.

இப்போது கூகை. பெட்டிக்கு ஆன செலவு, நான்கு மீட்டர் இரும்புக் கம்பத்தோடு சேர்த்து 180 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). எட்டு மாதம் காலியாகக் கிடந்தது. 2021 ஜூனில் ஒரு நாள் மாலை ஏழே முக்காலுக்கு, இதய வடிவ வெள்ளை முகம் ஒன்று பெட்டி வாசலில் தெரிந்தது. அன்று விமானத்தை ஏரி நடுவே அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

கூகை மற்ற ஆந்தைகளைப்போல் கூவுவதில்லை. கெட்டித் துணியைக் கிழிப்பதுபோல் நீளமாகச் சீறும். குஞ்சுகளும் பெட்டிக்குள் பாம்புபோல் சீறும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர். "தம்பி, இது அலறினால் வீட்டுக்கு ஆகாது, எடுத்துவிடு" என்று இரண்டு முறை வந்து சொன்னார். மூன்றாம் முறை வந்தபோது, கம்பத்தடியில் கிடந்த கருப்பு உருண்டை ஒன்றைச் சுடுநீரில் ஊறவைத்து, செய்தித்தாளில் பிரித்துக் காட்டினேன். கூகை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் இப்படி உருண்டையாகக் கக்கிவிடும். ஈர முடிக்குள்ளிருந்து மூன்று மண்டையோடுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் நிற முன்பற்கள் அப்படியே இருந்தன. பெரியம்மா விரலால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். "மூன்றும் ஒரே ராத்திரியிலா?" என்றார். பிறகு பெட்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

செம்பனைத் தோட்டங்கள் இந்தப் பெட்டிகளை வைப்பது இதற்காகத்தான். உதிரிப் பழத்தையும் குலையையும் எலி கடித்துத் தீர்த்துவிடும். கூகை இணை ஒன்று குஞ்சுகளோடு சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும். மலேசியத் தீபகற்பத்தில் இப்பறவை 1960களின் இறுதிவரை அபூர்வம். செம்பனை பரவப் பரவ, எலியோடு இதுவும் பரவியது.

2022 இறுதியில் நேர்ந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஐந்து குஞ்சுகளில் மூன்று அடுத்தடுத்த நாள்களில் கம்பத்தடியில் விழுந்து கிடந்தன. காயம் எதுவும் இல்லை. ஒன்றின் அலகோரம் ரத்தம் கசிந்திருந்தது. பக்கத்துச் சிறுதோட்டத்தில் வலிமையான எலிமருந்து வைத்திருந்தார்கள். ரத்தம் உறையவிடாத அந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதைத்தான் கூகை எளிதாகப் பிடிக்கும். தோட்டக்காரரிடம் போய்ப் பேசினேன். அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. அந்தக் குஞ்சை நான் கையில் ஏந்திப் போயிருந்ததால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருந்தை நிறுத்தினார். பெட்டி ஓராண்டுக்கு மேல் காலியாக இருந்தது. பெட்டி வைக்க நினைக்கிறவர்கள், பலகை வாங்குவதற்கு முன்னால் சுற்றிலும் யார் என்ன மருந்து வைக்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.

பார்ப்பதற்கு எட்டு மடங்கு பைனாகுலர் போதும். எங்கள் ஈரக்காற்றில் இரண்டாம் ஆண்டே என் பைனாகுலர் ஆடிக்குள் பூஞ்சை படர்ந்தது. இப்போது சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைக்கிறேன். வெள்ளை டார்ச் அடிக்காதீர்கள். சிவப்புத் தாள் சுற்றிய மங்கிய விளக்கு போதும்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், தயங்காமல் பெட்டியைச் செய்யுங்கள். சிமுலேட்டரை நான் மனதார விரும்புகிறேன், ஆனால் அங்கே நான் போகாத நாளில் ஏரியில் எதுவும் நடப்பதில்லை.

2024இல் புதிய இணை வந்தது. இப்போது உள்ளே இந்த ஆண்டின் குஞ்சுகள். எத்தனை என்று தெரியாது, சீறல் மட்டும் கேட்கிறது. கூரைத் தகரம் ஒரு மூலையில் துருப்பிடித்துவிட்டது. மாற்ற வேண்டும். அவை பறந்து போக எட்டு வாரமாகும். அதுவரை ஏணியைத் தொடப்போவதில்லை.