அஸாரோ பூர் ஓம்: கடையில் மோந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள்

கல்ஃபில் இருந்து ஊருக்கு வருகிறவர்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் சென்ட் என்றால் நம் குமரி மாவட்டத்தில் பாதிப் பேருக்கு ஊது (அகில்), கஸ்தூரி என்று அந்தக் கனமான அரபு வாசனைதான் நினைவுக்கு வரும். அதில் பழகின மூக்குக்கு அஸாரோ பூர் ஓம் என்கிற இந்த ஆண்கள் சென்ட் முதல் பத்து நிமிடம் பிடிக்கவே பிடிக்காது. "என்ன மக்கா, நேரே சலூன்ல இருந்தா வாற?" என்பார்கள்.

கேட்பதில் தப்பில்லை. லாவெண்டர், ஓக் மரப்பாசி, காய்ந்த புல் வாசனை தரும் கூமரின் மூன்றையும் வைத்து 1882-ல் ஊபிகான் கம்பெனி போட்ட ஃபூஜேர் ரோயால் சென்ட்டில் தொடங்கிய ஃபூஜேர் வகை இது. ஷேவிங் கிரீம், ஆஃப்டர் ஷேவ் எல்லாம் அந்த வாசனையைத்தான் பிடித்துக்கொண்டன. அதன் மேல் மூலிகையும் மசாலாவும் தூக்கலாக நின்றால் அரோமேட்டிக் ஃபூஜேர். அஸாரோ வந்தது 1978-ல், இந்த வகையில் இன்றைக்கும் ஓடுகிற பழைய சரக்கு.

அடித்ததும் எலுமிச்சை, அதை முந்திக்கொண்டு ஒரு சோம்பு நெடி. நம்மூர்க் கணக்கில் பெருஞ்சீரகத்தையும் அன்னாசிப்பூவையும் ஒன்றாக நுணுக்கின காட்டம், கூடவே துளசி இனத்து பேசில் இலையின் பச்சை வாடை. எலுமிச்சை மாதிரி லேசான சரக்குகள்தான் முதலில் ஆவியாகிப் போகும், உடம்புச் சூடு கூடக்கூட இன்னும் வேகமாகப் போகும், அதனால் நம் புழுக்கத்தில் இந்தக் கட்டம் சத்தமாக வந்து சட்டென்று முடிந்துவிடுகிறது. பெரும்பாலான கடைகளில் அட்டைத் துண்டில் அடித்து நீட்டுவதும் இந்தக் கட்டத்தைத்தான். அதை வைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் அதிகம்.

அரை மணி நேரம் பொறுங்கள். சோம்பு பின்வாங்கி லாவெண்டர் முன்னால் வரும். ரூம் ஸ்ப்ரேயில் வரும் தித்திப்பு லாவெண்டர் இல்லை, காய்ந்த இலையைக் கசக்கினால் வருகிற கொஞ்சம் கசப்பானது. வடசேரியில் ஏறி மார்த்தாண்டம் வரைக்கும் நெரிசலில் நின்றுகொண்டு போகிறவருக்கு இந்தக் கட்டம் போதும், பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிக்கமாட்டார்.

ஆனால் காசு கொடுப்பது மூன்றாவது மணி நேரத்துக்காக. வெட்டிவேர், மரப்பாசி, லேசாக லெதர் வாசனை. மத்தியானம் வாட்ச்சைக் கழற்றி மணிக்கட்டை மோந்து பாருங்கள்: வியர்வை உப்போடு கலந்து ஈர மண் வாசமாக இருக்கும், அந்த வியர்வைகூட அசிங்கமாகத் தெரியாது. இனிப்பான, வெனிலா போட்ட புதுச் சென்ட்டுகள் இதே வெயிலில் திகட்டிவிடுகின்றன. மரப்பாசியால் சிலருக்கு அலர்ஜி வருகிறது என்று அதன் அளவுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டதால், பழைய பாட்டில் வைத்திருப்பவர்களுக்குப் புதியதில் இந்த அடிப்பகுதி மெலிவாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான். இருந்தாலும் மோசம் என்று சொல்லமாட்டேன்.

வறண்ட தோலில் சீக்கிரம் போய்விடும். ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் பைக்கில் போகிறவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். குளித்துவிட்டு வாசனை இல்லாத லோஷனைத் தடவி அதன் மேல் அடித்தால் கூடுதல் நேரம் நிற்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சோம்போடு சேர்ந்து குருமா வாசம் வரும்! மணிக்கட்டு இரண்டையும் தேய்க்கவும் வேண்டாம்.

கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று, அவ்வளவுதான் அடிக்க வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், தோவாளைப் பிச்சிப்பூவும் பன்னீரும் இருக்கும் இடத்தில் இது சண்டை போடும். ஆபீஸ், பயணம், ஞாயிறு காலைப் பூசைக்கு நல்ல தோது. சட்டையில் மட்டும் அடித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சரிப்படாது. துணியில் சூடு குறைவு, சோம்பும் லாவெண்டரும் நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும், வெள்ளைச் சட்டை என்றால் கறை பயமும் உண்டு.