மஸ்டாங் ஜிடி: முதல் செலவு எக்ஸாஸ்டுக்கா, ட்யூனுக்கா, டயருக்கா?

ஹூஸ்டனில் எனக்குத் தெரிந்தவர்கள் யார் ஃபோர்டு மஸ்டாங் கார் வாங்கினாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணா, எந்த எக்ஸாஸ்ட் போடலாம்?" எக்ஸாஸ்ட் என்றால் எஞ்சின் புகையை வெளியே விடும் குழாய்த் தொகுதி. அதற்குப் பதிலாக நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். சத்தம் வேண்டுமா, வேகம் வேண்டுமா? இரண்டும் ஒரே குழாயில் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் பலர் முதல் ஆயிரம் டாலரைத் தவறான இடத்தில் போடுகிறார்கள். எட்டு வருடங்களுக்கு முன் நானும் அதைத்தான் செய்தேன்.

என்னுடையது 2016 ஜிடி, ஆறு கியர் மேனுவல். ஃபோர்டு 'கயோட்டி' என்று அழைக்கும் 5.0 லிட்டர் வி8 எஞ்சின், அதாவது பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர். 2015 முதல் 2017 வரை வந்த வண்டிகளில் இது 435 குதிரைத்திறனும் 400 பவுண்டு-அடி முறுக்குவிசையும் தரும். 2018-இல் 460 குதிரைத்திறனாக உயர்த்தினார்கள். கீழே சொல்வதெல்லாம் இந்தத் தலைமுறை ஜிடியை மனதில் வைத்துத்தான்.

முதலில் ஆக்ஸில்-பேக். பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சைலன்சர்களை மட்டும் மாற்றுவது. விலை சுமார் 600 முதல் 1,200 டாலர். வீட்டு கராஜிலேயே ஒரு மதியத்தில் முடிக்கலாம், ஆனால் சில கிட்டுகளுக்குப் பழைய குழாயை ஓரிடத்தில் அறுக்க வேண்டியிருக்கும். காசு கொடுக்கும் முன் வழிமுறைத் தாளைப் படித்துவிடுங்கள். இதனால் கூடும் சக்தி கிட்டத்தட்ட பூஜ்யம். சக்தியை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றி அளந்தால் ஐந்து குதிரைத்திறன் கூடியதாகக் காட்டலாம்; ஒன்றுமே மாற்றாமல் அடுத்த நாள் காலை அளந்தாலும் அதே அளவு வித்தியாசம் வரும். இதை வாங்குவது சத்தத்துக்காக மட்டும்.

கேட்-பேக் என்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் எல்லாமே மாறும்: நடுக்குழாய், ஒலியைத் தணிக்கும் ரெசனேட்டர், சைலன்சர், முனை. 1,200 டாலரில் தொடங்கி 2,500 வரை போகும். சக்தி ஐந்து முதல் பத்து வரை கூடலாம். 435-இல் பத்து கூடினால் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. இந்த எஞ்சினுக்கு ஃபோர்டே கொடுத்திருக்கும் குழாய்கள் அவ்வளவு மோசமில்லை, அதனால்தான் மாற்றினாலும் பெரிதாகக் கூடுவதில்லை. கார்புரேட்டர் காலத்து வண்டியில் எக்ஸாஸ்ட் மாற்றிப் பெரிய வித்தியாசம் பார்த்தவர்களின் கதையை இந்த வண்டிக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

அப்படியென்றால் கேட்-பேக் எதற்கு? சத்தத்தின் குணத்தையே மாற்றத்தான். இந்த வி8-இல் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முள்கள் 90 பாகை இடைவெளியில் இருக்கின்றன. அதனால் ஒரே பக்கத்து நான்கு சிலிண்டர்கள் சீரான இடைவெளியில் வெடிப்பதில்லை. இரண்டு அடுத்தடுத்து வெடிக்கும், பிறகு இடைவெளி விடும். அந்த ஒழுங்கின்மைதான் நாம் விரும்பும் 'கடகட' உறுமல். நடுவில் இரண்டு பக்கக் குழாய்களையும் H வடிவில் இணைக்கும் ஹெச்-பைப் இருந்தால் இரண்டு பக்கமும் பெரும்பாலும் தனித்தனியாகவே ஓடும், பழைய கால அடித்தொண்டைக் குரல் அப்படியே நிற்கும். X வடிவில் இணைக்கும் எக்ஸ்-பைப்பில் இரண்டு ஓட்டங்களும் கலந்துவிடுவதால் சத்தம் சீராகி, எஞ்சின் வேகமாகச் சுற்றும் மேல் ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கான சுற்று) கூர்மையாக ஏறும். எனக்கு ஹெச்-பைப் குரல்தான் பிடிக்கும். என் மைத்துனருக்கு எக்ஸ். இதில் சரி தவறு கிடையாது. ஆனால் யூடியூப் காணொளியைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், கைபேசி மைக்கில் அடிச்சத்தம் சரியாகப் பதிவாவதில்லை. அதே கிட் போட்ட ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் வண்டியில் உட்கார்ந்து பாருங்கள்.

உட்கார்வது மட்டும் போதாது, நெடுஞ்சாலையில் கூட்டிப் போகச் சொல்லுங்கள். காரணம் ட்ரோன், அதாவது ஒரே வேகத்தில் போகும்போது காருக்குள் விடாமல் கேட்கும் ரீங்காரம். நான் முதலில் போட்டது பாவித்த ஒரு ஆக்ஸில்-பேக். பெயர் வேண்டாம், நல்ல பெயருள்ள நிறுவனம்தான். தெருவில் கிளப்பும்போது உடம்பு சிலிர்க்கும். அடுத்த வாரம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு டல்லாஸ் போனேன், ஐ-45 வழியாகச் சுமார் 240 மைல். 75 மைல் வேகத்தில் ஆறாவது கியரில் எஞ்சின் ஏறக்குறைய 2,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும். அங்கே சரியாக ஒரு 'ங்ங்ங்' பிடித்துக்கொண்டது. பக்கத்தில் வெட் கிரைண்டர் ஓடுவதுபோல மூன்றரை மணி நேரம். பின் இருக்கையில் சத்தம் இன்னும் மோசம்; மகள் காதைப் பொத்திக்கொண்டே வந்தாள். திரும்பி வந்த வாரமே கழற்றிவிட்டேன்.

இது ஏன் வருகிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். நான்கு வீச்சு வி8 ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு முறை வெடிக்கும். 2,000 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்குச் சுமார் 133 வெடிப்பு, அதாவது 133 ஹெர்ட்ஸ். காரின் உள்ளறை அந்த அளவு அடிச்சத்தத்துக்கு எளிதில் ஒத்ததிரும். இதைக் கொல்ல நல்ல வழி, முனை அடைத்த ஒரு பக்கக் குழாயை எக்ஸாஸ்டில் சேர்ப்பது. அதன் நீளம் அந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு இருந்தால், உள்ளே போய் மோதித் திரும்பும் அலை வரும் அலையை அழித்துவிடும். சூடான புகையில் ஒலி வேகமாகப் போவதால் இந்த அதிர்வெண்ணுக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான குழாய் தேவைப்படும். கோர்சா நிறுவனம் இதே தத்துவத்தைச் சைலன்சருக்குள்ளேயே அமைத்துப் பெயர் வாங்கியது. மாறாக ஃப்ளோமாஸ்டர் பாணியில் உள்ளே தடுப்பறைகள் வைத்த சைலன்சர்கள் அந்தப் பழைய முரட்டுக் குரலைத் தரும், ஆனால் ட்ரோன் வரும் வாய்ப்பும் அவற்றில்தான் அதிகம். தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், விலையையோ பிராண்டையோ அல்ல.

2018 அல்லது அதற்குப் பிந்தைய வண்டி, அதுவும் ஆக்டிவ் எக்ஸாஸ்ட் உள்ளது என்றால், உங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. ஒரு வால்வு திறந்து மூடி, அமைதி முதல் ட்ராக் வரை நான்கு நிலை கொடுக்கும். விடிகாலையில் பக்கத்து வீட்டாரை எழுப்பாமல் கிளப்ப நேரம்கூடக் குறித்து வைக்கலாம். அதைக் கழற்றி வேறொன்று போடுவது, என் பார்வையில், வீண் செலவு.

ஹெட்டர்களை, அதாவது எஞ்சினிலிருந்து வரும் புகையை முதலில் வாங்கும் குழாய்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நீளக் குழாய் ஹெட்டர் உண்மையிலேயே சக்தி கூட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கன்வர்ட்டரை நகர்த்தவோ எடுக்கவோ வேண்டிவரும். சாலையில் ஓடும் வண்டியில் அதைச் செய்வது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி தடை. டெக்சாஸில் 2025 ஜனவரி முதல் தனியார் கார்களுக்கான வருடாந்தர பாதுகாப்புச் சோதனை இல்லை, ஆனால் ஹூஸ்டன், டல்லாஸ் உள்ளிட்ட பெருநகரப் பகுதிகளில் புகைச் சோதனை இன்னும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சத்தத்துக்கே 95 டெசிபல் வரம்பு. முதல் மாற்றமாக ஹெட்டர் வேண்டவே வேண்டாம்.

வேகம்தான் வேண்டும் என்கிறவருக்கு எக்ஸாஸ்டைவிட ட்யூன் பல மடங்கு மேல். எஞ்சின் கணினியில் இருக்கும் அட்டவணைகளை மாற்றுவது: எரிபொருள், தீப்பொறி நேரம், த்ராட்டில் எவ்வளவு திறக்க வேண்டும் என்பது எல்லாம். கருவியோடு சேர்த்து 500 முதல் 700 டாலர். எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் நல்ல ஏர் இன்டேக்கும் 93 ஆக்டேன் பெட்ரோலும் சேர்ந்தால் இருபது குதிரைத்திறன் அளவுக்குக் கூடும். அதைவிட முக்கியம், மிதித்த உடனே வண்டி கேட்கிறது. அந்த வித்தியாசம் முதல் சிக்னலிலேயே தெரியும். இரண்டு எச்சரிக்கை. 93-க்கு எழுதிய ட்யூனோடு 87 ஊற்றினால் எஞ்சினில் நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பது) வரும், ஆகவே எப்போதும் அதே பெட்ரோல்தான். அப்புறம் வாரண்டி: 1975-இன் மக்னஸன்-மாஸ் சட்டப்படி, வெளிப் பாகம் போட்டீர்கள் என்பதற்காக மட்டும் நிறுவனம் வாரண்டியை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்டினால் மறுக்கலாம். சைலன்சரால் கியர்பாக்ஸ் போனது என்று யாரும் சொல்ல முடியாது. ட்யூன் போட்ட எஞ்சின் போனால் அந்தப் பேச்சு எழும்.

டயரைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். சாதாரண ஜிடியில் நான்கு சக்கரத்துக்கும் வருவது 235 மில்லிமீட்டர் அகல, எல்லாப் பருவத்துக்குமான டயர். 400 பவுண்டு-அடியை அது தரையில் இறக்குவதற்குள் சுழன்றுவிடும். பெர்ஃபார்மன்ஸ் பேக் என்ற விருப்பத் தொகுப்பில் ஃபோர்டே பின்னால் 275 போட்டதற்குக் காரணம் இதுதான். ஆயிரம் முதல் 1,500 டாலருக்கு நல்ல கோடை டயர் நான்கு போட்டால் முடுக்கம், திருப்பம், பிரேக் மூன்றும் ஒரே நாளில் மாறும். மிச்சிகன் போன்ற குளிர் மாநிலத்தில் இருப்பவர் குளிர்காலத்துக்கு வேறு செட் வைத்துக்கொள்ள வேண்டும். கடும் குளிரில் கோடை டயர் கல்லாகிவிடும். அங்கே சாலையில் உப்பு தூவுவார்கள் என்பதால், எக்ஸாஸ்ட் வாங்கினாலும் 304 ரக ஸ்டெயின்லெஸ் மட்டும் பாருங்கள். அலுமினியம் பூசிய இரும்பு ஹூஸ்டனில் தாங்கும், டெட்ராய்ட்டில் துருப்பிடித்துவிடும்.

போன மாதம் 2017 ஜிடி வாங்கிய தம்பி ஒருவர் 1,500 டாலரோடு வந்தார். கேட்-பேக் வாங்கத்தான் வந்தார். பின் டயரைக் குனிந்து பார்த்தேன், வழவழவென்று தேய்ந்திருந்தது. முதலில் டயர் போடச் சொன்னேன். சத்தத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார். என் ஷெட்டில் ஒரு ஆக்ஸில்-பேக் சும்மா கிடக்கிறது. டல்லாஸ் பக்கம் அவர் போவதே இல்லை, வீட்டிலிருந்து ஆபீஸ் எட்டு மைல்தான். இந்தச் சனிக்கிழமை சேர்ந்து மாட்டப் போகிறோம். துருப்பிடித்த போல்ட்டுகளில் வெள்ளிக்கிழமை இரவே எண்ணெய் அடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.