கும்பகோணம் பக்கம் ரெக்கார்டிங் கொடுப்பவர்களுக்கு: மீதிப் பணம் தருமுன் மோனோவில் கேளுங்கள்

எங்கள் வீட்டில் அப்பா தவில், மாமா நாயனம். இருவரும் வாசித்த ஆறு உருப்படிகளை கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்து, மிக்ஸிங்கோடு சேர்த்து 22,000 ரூபாய் கொடுத்தேன். பெயர் சொல்லப் போவதில்லை, சண்டை வேண்டாம்.

அங்கே ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது அசந்துவிட்டேன், நாயனம் நடுவில் நிற்காமல் இரண்டு காதுக்கும் வெளியே எங்கிருந்தோ சுற்றி வந்தது. "எப்படி அகலமா, வைட் ஆக்கியிருக்கேன் பாருங்க தம்பி" என்றார் ஸ்டூடியோக்காரர். மீதியை அங்கேயே எண்ணி வைத்தேன். மடத்தனம்.

ஆடி முதல் வெள்ளி, எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் விடியற்காலை அதைப் போட்டார்கள். கூம்புக் குழாயில் தவிலின் வலது முகமான வலந்தலை டகடகவென்று கேட்கிறது, தாளம் கேட்கிறது, சுருதிப்பெட்டி கேட்கிறது, நாயனத்தைக் காணோம்! குளத்துக்கு அக்கரையில் யாரோ வாசிக்கிற மாதிரி அதன் எதிரொலி மட்டும் வருகிறது. செட்டுக்காரர் பாவம், ஒயரை மாற்றி, ஆம்ப்ளிஃபயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா திண்ணையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

சவுண்ட் வேலை தெரிந்த நண்பன் ஒருவன்தான் கண்டுபிடித்தான். கூம்பு மோனோ, இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கூட்டித்தான் ஒலிக்கும். அந்த ஆள் ஒரே மைக்கில் எடுத்த நாயனத்தை நகல் எடுத்து, நகலின் அலையைத் தலைகீழாக்கி வலது பக்கம் போட்டிருக்கிறார். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது, கூட்டினால் பூஜ்யம். எதிரொலி மட்டும் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்ததால் தப்பியது.

தவிலுக்கும் இதே கதிதான். இடது கை வாசிக்கும் முகமான தொப்பியை அடித்தால் அந்தத் தோல் உள்ளே போகும், வலந்தலைத் தோல் வெளியே தள்ளும். இரண்டு முகத்துக்கும் மைக் வைத்தால் ஒன்றின் ஃபேஸைத் திருப்ப, அதாவது அலையைத் தலைகீழாக்க வேண்டும். அவர் திருப்பவில்லை, பூவரசங்குச்சி அடியின் கும்கும் சப்பென்று போய்விட்டது.

இதைப் பார்க்கவே கோரிலேஷன் மீட்டர் என்று ஒன்று உண்டு. +1 என்றால் இரண்டு பக்கமும் ஒன்றே, 0 என்றால் சம்பந்தமில்லை, -1 என்றால் நேர் எதிர். முள் 0-க்கும் +1-க்கும் நடுவே ஆடினால் பயமில்லை, ஒரு நொடி கீழே இறங்கி ஏறினாலும் பரவாயில்லை. எங்கள் பாட்டில் நாயனம் வந்தாலே -0.7 பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. மீட்டர் இல்லாதவர்கள் போன் செட்டிங்கில் அக்ஸசிபிலிட்டிக்குள் மோனோ ஆடியோவைப் போட்டு ஹெட்போனில் கேளுங்கள், முக்கியமான வாத்தியம் பதுங்கினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மைக்கின் பதிவையும் தனித்தனி டிராக்குகளாகத் தருவதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், நான் பேசவில்லை.

ஸ்டூடியோக்காரருக்குப் போன் செய்தால், "உங்க ஊர்க் குழாய் சரியில்லை, இது ஸ்டீரியோ தம்பி" என்கிறார். டிராக்குகளைக் கேட்டதற்கு இன்னும் 6,000 வேண்டுமாம்.

இப்போதைக்கு நண்பன் இடது பக்கத்தை மட்டும் எடுத்து இரண்டிலும் போட்டுக் கொடுத்திருக்கிறான். நாயனம் முழுசாகத் திரும்பிவிட்டது. ஆனால் தொப்பி மைக் வலது பக்கம் இருந்ததால் அது போயேபோய்விட்டது. அப்பா ஒரு உருப்படி முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடா, என் இடது கை எங்கே?" என்றார்.