கொல்கத்தா தெருவுக்கு ரிக்கோவா, ஃபியூஜியா?

தெருவைக் கருப்பு வெள்ளையில் எடுக்க ஒரு சின்ன கேமராவோடு கொல்கத்தா போக வேண்டும் என்றால் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்: 2019இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3, 2020இல் வந்த ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100வி. இரண்டுக்கும் அடுத்த மாடல் வந்துவிட்டது, ஆனால் அடிப்படைக் குணம் மாறவில்லை. இரண்டிலும் ஏபிஎஸ்-சி என்ற ஒரே அளவு சென்சார் (படத்தைப் பதியும் சில்லு), கழற்ற முடியாத ஒரே லென்ஸ். படத்தின் தரத்தில் எதையும் குறை சொல்ல முடியாது. இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த ஊரில் நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வித்தியாசம் தெரிவது நம் கையிலும் எதிரே நிற்பவருக்கும் நமக்கும் உள்ள தூரத்திலும்தான்.

ரிக்கோ 257 கிராம், பேன்ட் பாக்கெட்டில் போய்விடும். ஃபியூஜி 478 கிராம், கழுத்தில்தான் தொங்கும். காலையிலிருந்து மாலை வரை நடக்கும்போது இந்த 221 கிராமைக் கழுத்து மறக்காது.

குமார்துலிக்குப் போவோம். துர்க்கை சிலை செய்யும் அந்தச் சந்துகளில் சில இடங்களில் இரண்டு பேர் ஒதுங்கித்தான் கடக்க முடியும். களிமண் கூடையோடு ஒருவர் வந்தால் அவரைப் படம் எடுக்க நமக்குக் கிடைப்பது ஒரு நொடி. ரிக்கோவில் ஸ்னாப் ஃபோகஸை, அதாவது முன்கூட்டியே குறித்துவைக்கும் ஃபோகஸ் தூரத்தை, 2 மீட்டரிலும் அபெர்ச்சரை (லென்ஸ் திறப்பை) எஃப்8 என்ற சிறிய அளவிலும் வைத்துவிட்டால் சுமார் 1 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை தெளிவாக விழும். பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் போதும், கேமரா ஃபோகஸ் தேடாது. ஃபியூஜியிலும் மேனுவலுக்குத் தள்ளி வளையத்தைத் திருப்பி இதைச் செய்யலாம். ஆனால் அதன் லென்ஸ் 35 மி.மீ. கோணம், ரிக்கோவின் 28 மி.மீ.யை விடக் குறுகியது. அதே 2 மீட்டர், அதே எஃப்8 வைத்தால் தெளிவு ஏறத்தாழ 1.25 மீட்டரில் தொடங்கி 5 மீட்டரோடு முடிகிறது. ரிக்கோவின் அகலமான கோணத்தில் ஆளோடு சுவர், கூரைத் தார்ப்பாய், பின்னால் காயும் சிலையின் வைக்கோல் உடம்பு எல்லாம் சேர்ந்து வரும். சந்தில் எனக்கு ரிக்கோதான்.

மல்லிக் காட் பூச்சந்தையில் கதை வேறு. ஹௌரா பாலத்தடியில் செண்டுமல்லிச் சரத்தைத் தோளில் மலைப்பாம்பு போலச் சுற்றிக்கொண்டு ஆட்கள் நடப்பார்கள், பக்கத்திலேயே சம்பங்கிக் குவியல். கண்ணுக்கு ஆரஞ்சும் வெள்ளையும் பளிச்சென்று பிரிகின்றன. கருப்பு வெள்ளையில் எந்த நிறம் வெளுக்க வேண்டும், எது இருள வேண்டும் என்பதைக் கேமராவின் நிற ஃபில்டர் அமைப்பு தீர்மானிக்கும். சிவப்பு ஃபில்டர் போட்டால் ஆரஞ்சும் வெளுத்துச் சம்பங்கியோடு கலந்துவிடும். ஃபியூஜியின் அக்ரோஸ் என்ற கருப்பு வெள்ளை அமைப்பில் பச்சை ஃபில்டரைத் தேர்ந்தெடுத்தேன். செண்டுமல்லி நடுச் சாம்பலுக்கு இறங்கி, இதழ் இதழாகப் பிரிந்தது. தோல் நிறமும் ஒரு படி இருண்டு, சுமப்பவரின் கழுத்து நரம்பும் வேர்வையும் தெரிந்தன. இதையெல்லாம் கண் வைத்துப் பார்க்கும் மின்னணு வ்யூஃபைண்டரில் எடுக்கும் முன்பே கருப்பு வெள்ளையாகப் பார்த்துவிடலாம் என்பதுதான் ஃபியூஜியின் பெரிய பலம். ரிக்கோவில் பின்பக்கத் திரை மட்டும்தான், உச்சி வெயிலில் அதில் நம் முகம்தான் தெரியும்.

கருப்பையும் வெள்ளையையும் கடுமையாகப் பிரித்துக் காட்டும் ரிக்கோவின் ஹை-கான்ட்ராஸ்ட் அமைப்புக்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. டிராம் தண்டவாளத்தின் மேல் வெயில் பட்டுத் தெறிக்கும் இடங்களில் அது அருமை. குமார்துலியின் தார்ப்பாய்க்குக் கீழே மட்டும் வேண்டாம், நிழலெல்லாம் மையாகி வைக்கோல் இழைகள் காணாமல் போகும். அங்கே மோனோடோன் என்ற சாதாரணக் கருப்பு வெள்ளை அமைப்பு போதும். எந்தக் கேமராவானாலும் ஜேபெக்கோடு ராவையும் (சென்சார் பதிந்த மூலக் கோப்பு) சேர்த்து எடுங்கள். நிறம் ராவில் இருந்தால்தான் அப்புறம் ஃபில்டரை மாற்றிப் பார்க்க முடியும்.

பேட்டரியில் ரிக்கோ பலவீனம்: நிறுவனக் கணக்குப்படி ஒரு சார்ஜுக்கு 200 படம், ஃபியூஜியில் மின்னணு வ்யூஃபைண்டரில் 350, கண்ணாடி வ்யூஃபைண்டரில் 420. இருட்டுக்கு ஃபியூஜியின் எஃப்2 லென்ஸ் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம் தரும். ரிக்கோவின் எஃப்2.8க்குக் கைநடுக்கத்தைத் தடுக்கும் வசதி துணை நிற்கிறது, ஆனால் நடக்கிற ஆள் அதில் கலங்கித்தான் விழுவார்.

குளிர்காலத்தில் போனால் ரிக்கோவையும் இரண்டு உபரி பேட்டரிகளையும் எடுத்துப் போவேன். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை என்றால் ஃபியூஜி. அதன் லென்ஸில் அடாப்டர் வளையமும் பாதுகாப்புக் கண்ணாடி ஃபில்டரும் மாட்டினால் சாரலைத் தாங்கும். ரிக்கோவின் உடலுக்குள் மழையோ தூசோ புகாமல் தடுக்கும் காப்பு கிடையாது, அங்கே மழை சொல்லிக்கொண்டு வருவதும் இல்லை.